மயாமிக் கடிதம்: கப்பலில் ஏழு நாள் பந்தி

மயாமியிலிருந்து கரீபியத் தீவுகளுக்குப் போய்வரும் ஏழு இரவுச் சொகுசுக் கப்பலில் சாப்பாடு டிக்கெட்டிலேயே அடங்கியது. மூன்று வேளையும் சேர்த்தி. வேளைகளுக்கு நடுவே, வயிறு கேட்காவிட்டாலும் வாய் கேட்கிற நேரங்களும் சேர்த்தி. ‘எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், காசு கேட்கமாட்டார்கள்’ என்று சொல்லித்தான் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், ஆறு மாதம் தங்க வந்த அப்பா அம்மாவைக் கப்பலேற்றுகிறார்கள். அது முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசி எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஏழு நாள்.

கப்பலின் அளவைச் சொன்னால்தான் சமையலின் அளவு புரியும். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ முழுக்க நிரம்பினால் ஏறக்குறைய 7,600 பயணிகளை ஏற்றும். ஊழியர்கள் சுமார் 2,350 பேர். பத்தாயிரம் வயிறு, இருபது தளம். இத்தனை பேருக்கும் ஒரே கூடத்தில் பந்தி போட முடியாது. அதனால் மேல்தளத்தில் பஃபே, கீழ்த்தளங்களில் வெள்ளைத் துணி விரித்த பெரிய உணவுக்கூடம், அங்கங்கே பீட்சா, பர்கர் கடைகள், இவை போகத் தனிக்காசு வாங்கும் சிறிய உணவகங்கள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஏறிய அன்று எல்லாரும் முதலில் போய்ச் சேருமிடம் பஃபே. மதியத்துக்கு முன்பே ஏறிவிட்டாலும் கேபின் தயாராக ஒரு மணி, அதற்கும் மேல் ஆகும். அதுவரை முதுகுப்பையும் கைப்பையுமாக நின்றுகொண்டிருப்பதைவிடச் சாப்பிடுவது மேல் என்று பல ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் தோன்றும். வாசலில் கை கழுவும் தொட்டிகள் இருக்கும். சில கப்பல்களில் ஓர் ஊழியர் அங்கே நின்று, கழுவு கழுவு என்று பாட்டாகவே பாடி வருகிறவர்களைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிடுவார். பாட்டு வேடிக்கை, காரணம் வேடிக்கையில்லை. நோரோ வைரஸ் ஒருவர் கையிலிருந்து கரண்டிக் காம்புக்கும், காம்பிலிருந்து அடுத்தவர் கைக்கும் போய்விட்டால், தளம் தளமாக ஆட்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கேபினுக்குள் முடங்குவார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1970-களிலிருந்தே கப்பல்களின் சுகாதாரத்தைச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டு வருகிறது. 86 எடுத்தால் பாஸ், 85 எடுத்தால் ஃபெயில். 85 எடுத்த பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த அப்பாக்களுக்கு இந்தக் கண்டிப்பு கொஞ்சம் அதிகமாகத்தான் படும்.

பஃபேயில் புதிதாக வருகிறவர் செய்யும் தவறு, முதல் மேசையிலேயே தட்டை நிரப்பிவிடுவது. முதலில் இருப்பவை ரொட்டியும் கீரை இலைகளும். இந்தியச் சோறும் பருப்பும் பனீரும் எங்கோ கடைசி மூலையில், தட்டில் இடமில்லாதபோதுதான் கண்ணில் படும். வெறுங்கையோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தட்டை எடுப்பதே முறை. இன்னொரு சிரமம் தட்டிலேயே இருக்கிறது. வாழையிலையில் உப்பிலிருந்து பாயசம் வரை ஒவ்வொன்றுக்கும் பிறந்த இடம் உண்டு. எதுவும் எதன்மேலும் ஏறாது. கப்பல் தட்டில் அன்னாசித் துண்டு பருப்பில் மிதக்கும், கேக்கின் ஓரம் ஊறுகாயில் நனையும். பஃபே தட்டுக்கு வரம்பு கிடையாது என்பதால் பலர் நான்கு முறை எழுந்து போகிறார்கள். நடை என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

கப்பலின் உண்மையான பந்தி இரவில், பெரிய உணவுக்கூடத்தில். பெரிய கப்பல்களில் இது மூன்று தளம் உயரம், நடுவே சரவிளக்கு, வளைந்த படிக்கட்டு என்று பழைய சினிமா அரண்மனை போலிருக்கும். பழைய வழக்கப்படி இங்கே இரண்டு பந்தி: முதல் பந்தி மாலை ஐந்தரை மணி வாக்கில், இரண்டாம் பந்தி எட்டு மணி வாக்கில். ஏழு இரவும் அதே மேசை, அதே பரிமாறுபவர். ஐந்தரை மணி என்பது நம்மவர்களுக்குப் பஜ்ஜியும் காப்பியும் சாப்பிடும் நேரம். எட்டு மணிப் பந்தி எழும்போது பத்து மணி ஆகிவிடும். அதற்குள் அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் நிறுவனம் பந்தி நேரத்தை எடுத்துவிட்டு, வேண்டியபோது வந்து வேண்டிய இடத்தில் உட்காரலாம் என்றது. மற்ற நிறுவனங்களும் அதே ஏற்பாட்டைத் தத்தம் பெயரில் கொண்டுவந்தன. இதில் பந்தி நேரத்துக்குப் பதில் வரிசை வந்தது. டிஸ்னி கப்பல்களில் வேறு வழி: ஒவ்வோர் இரவும் குடும்பம் வேறு உணவகத்துக்கு மாறும், பரிமாறுபவரும் கூடவே மாறி வருவார். குழந்தைக்கு எந்தக் காய் பிடிக்காது என்பதை அவரிடம் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்க் கல்யாணப் பந்திக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை மெனு அட்டை கைக்கு வந்ததும் தெரியும். கல்யாணத்தில் விருந்தாளியின் வேலை மறுப்பது. பரிமாறுகிறவர் கரண்டியை நீட்டிக்கொண்டே நிற்பார். இலைமேல் கையை விரித்தால்தான் தப்பலாம். கேட்டு வாங்கிச் சாப்பிடுவது அங்கே கௌரவக் குறைவு. கப்பலில் விருந்தாளியின் வேலை கேட்பது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இரண்டு சூப், இரண்டு முக்கிய உணவு, மூன்று இனிப்பு என்று கேட்டால் முகம் சுளிக்காமல் கொண்டுவருவார்கள். கார்னிவல் போன்ற நிறுவனத்தில் மட்டும் சில ஆண்டுகளாக மூன்றாவது முக்கிய உணவுக்குக் காசு வாங்குகிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டு, உள்ளங்கை அகல மீன் துண்டோடு எழுந்துபோய்ப் பதினொரு மணிக்குப் பீட்சா வரிசையில் நிற்கும் நம்மவர்கள் எல்லாக் கப்பலிலும் உண்டு.

மெனுவில் சில பொறிகள் இருக்கின்றன. முதல் பகுதியில் குளிர்ந்த ஸ்ட்ராபெர்ரி சூப் என்று ஒன்று வரும். குடித்தால் உருகிய ஐஸ்கிரீமேதான். பாயசத்தை முதலில் போட்டுவிட்டார்களோ என்று பெரியவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். ‘எஸ்கார்கோ’ என்று அழகான பிரெஞ்சுப் பெயரில் வருவது நத்தை. பூண்டும் வெண்ணெயுமாக மணக்கும் என்பதால் வாசனையை நம்பியும் சாப்பிட முடியாது. சைவக்காரர்களுக்கு எல்லாவற்றையும்விட ஆபத்து சாதாரணக் காய்கறி சூப்பில் இருக்கிறது. காய்கறி கண்ணுக்குத் தெரியும். அது வெந்தது கோழியோ மாடோ கொதித்த சாற்றில் என்பது தெரியாது. மெனுவில் சைவத்துக்குத் தனிக்குறி இருக்கிறதா என்று பார்ப்பதும், குறி இருந்தாலும் வாய்விட்டு ஒருமுறை கேட்பதும் நல்லது.

இந்தியச் சாப்பாடு இல்லையா என்பது ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் முதல் கேள்வி. இருக்கிறது. ராயல் கரீபியன் நிறுவனக் கப்பல்களின் பெரிய உணவுக்கூடத்தில் இரவுதோறும் ஓர் இந்தியச் சைவ உணவு மெனுவிலேயே உண்டு. பனீர், கொண்டைக்கடலை, பாசுமதிச் சோறு, தயிர்ப்பச்சடி, அப்பளம் என்று மாறி மாறி வரும். மெனுவில் இல்லாததும் கிடைக்கும்: முதல் இரவே ஹெட் வெயிட்டரிடம் சொல்லிவைத்தால் மறுநாளுக்குச் சப்பாத்தியும் பருப்பும் தனியாகச் செய்து தருவார்கள். சமையலறையிலும் பரிமாறும் இடத்திலும் கோவா, மும்பை, கேரளத்துக்காரர்கள் நிறைய இருப்பதால் இது சுலபம். ஆனால் கப்பல் அகராதியில் இந்தியா விந்திய மலைக்கு வடக்கே முடிந்துவிடுகிறது. சாம்பார் தலைகாட்டுவது அபூர்வம். ரசம் அதனினும் அபூர்வம். ஏழாம் நாளுக்குள் தமிழ்க் குடும்பங்கள் தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிடுகின்றன: காலையில் இனிப்பில்லாத தயிர் எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, சோற்றோடு அதைப் பிசைந்து, பர்கர் கடை மேசையில் இருக்கும் ஊறவைத்த ஹலபீனோ மிளகாயைத் தொட்டுக்கொள்வது. மாவடு இல்லைதான், ஆனால் தொண்டையில் இறங்கிவிடும்.

வீட்டிலிருந்து கொண்டுபோகலாமே என்றால், அதற்கும் சட்டம் இருக்கிறது. கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பாக்கெட்டுகளை விடுவார்கள். அம்மா கையால் இடித்த பருப்புப்பொடியை விடமாட்டார்கள். ரைஸ் குக்கர், கெட்டில் என்று சமைக்கச் சூடாகும் எதுவும் பெட்டிச் சோதனையிலேயே பிடிபடும். கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை என்பதால் இந்த ஒரு விஷயத்தில் கெஞ்சிப் பயனில்லை. கப்பல் சமையலறையிலேயே எரியும் அடுப்பைப் பார்க்க முடியாது, எல்லாம் மின்னடுப்பு. சுட்ட அப்பளம் கேட்பவர்கள் கரை சேரும்வரை பொறுக்க வேண்டும்.

அந்தச் சமையலறையின் பின்கட்டு பயணிகள் பார்க்காத இன்னொரு கப்பல். நீளவாக்கில் ஓடும் ஊழியர் நடைபாதைக்கு ‘ஐ-95’ என்று பெயர். மயாமியிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையின் பெயரையே வைத்துவிட்டார்கள். பழைய பயணிகள் காலையில் இறங்கி, புதிய பயணிகள் மதியம் ஏறுவதற்குள், ஒரு வாரத்து முட்டை, மாவு, இறைச்சி, பழம் எல்லாம் இந்த வழியாகக் குளிரறைகளுக்குப் போய்விட வேண்டும். நடுக்கடலில் தக்காளி தீர்ந்தால் எதிர்க் கடைக்கு ஆளனுப்ப முடியாது. சாப்பிட்டது போக மிஞ்சியதற்கும் விதி உண்டு: கரீபியக் கடலில் உணவுக்கழிவை அரைத்து, கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால்தான் கொட்டலாம்.

ஏழு இரவில் ஒன்றிரண்டு அலங்கார இரவு. கோட்டும் நீண்ட கவுனுமாக வருவார்கள். பட்டுப்புடவை கட்டிப் போனால் கூடத்தில் அதற்குத்தான் முதல் மரியாதை. அன்றைக்குச் சிங்கி இறால் வரும், ஒரு வாலுக்கு மேல் கேட்டால் சில கப்பல்களில் காசும் வரும். விளக்கை அணைத்துவிட்டு ‘பேக்டு அலாஸ்கா’ என்ற ஐஸ்கிரீம் கேக்கைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பரிமாறுபவர்கள் ஊர்வலம் போவது பழைய வழக்கம். பயணிகள் கைத்துணியைச் சுழற்றுவார்கள். சீர்வரிசைத் தட்டு வருகிறது என்று எண்ணி எழுந்து நிற்க வேண்டியதில்லை.

தனிக்காசு உணவகங்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இது புதுத் தந்திரமும் அல்ல. 1905-இல் ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் ‘அமெரிக்கா’ கப்பலிலேயே ரிட்ஸ் பெயரில் தனி உணவகம் இருந்தது. 1912-இல் டைட்டானிக்கின் முதல் வகுப்புப் பயணிகளுக்கும் தனியே காசு கொடுத்துச் சாப்பிட ஓர் உணவகம் இருந்தது. இன்றைக்கு ஸ்டேக் கடை, இத்தாலிய உணவகம், ஜப்பானிய உணவகம் என்று இருக்கின்றன. மிக உயர்ந்தவற்றில் தலைக்கு நூறு டாலரைத் தாண்டும். சிலருக்காகச் சமைப்பதால் ருசி கூடுதல்தான். ஆனால் சைவக்காரர் ஸ்டேக் கடைக்குப் போனால் வேகவைத்த உருளைக்கிழங்கைத்தான் அந்த விலைக்கு வாங்குகிறார். க்யூனார்ட் நிறுவனத்தின் ‘குயின் மேரி 2’ போன்ற கப்பல்களில் காசு வேறு வழியில் பேசும்: எந்தக் கேபினோ அதற்கேற்ற உணவுக்கூடம். பெரிய கேபின்காரர்களுக்குத் தனிக்கூடம், தனி மெனு.

உண்மையில் காசு போவது தட்டில் அல்ல, கோப்பையில். தண்ணீர், தேநீர், சாதாரணக் காப்பி இலவசம். அந்தக் காப்பியைப் பற்றி, அது சூடாக இருக்கும் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பாலும் நுரையுமாகக் காப்பி வேண்டுமென்றாலும், கோலா, புட்டித் தண்ணீர், மது எதுவானாலும் பெரும்பாலான கப்பல்களில் கேபின் அட்டையை நீட்ட வேண்டும். விலையோடு பதினெட்டு சதவீதமோ அதற்கு மேலோ டிப்ஸ் தானே ஏறிக்கொள்ளும். மொத்தமாக மதுத் திட்டம் (டிரிங்க் பேக்கேஜ்) வாங்கலாம் என்றால், ராயல் கரீபியனில் ஒரே கேபினில் உள்ள பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும். வெந்நீர் மட்டுமே குடிக்கும் மனைவியைக் காட்டி வாதாடும் கணவர்கள் வாடிக்கையாளர் மேசையில் தினமும் நிற்பார்கள்.

அறைக்கே சாப்பாடு வரவழைக்கலாம். எளிய காலைச் சிற்றுண்டி பெரும்பாலும் இலவசம். மற்ற வேளைக்குப் பல நிறுவனங்கள் கொண்டுவரும் கூலி வாங்குகின்றன. டிஸ்னி வாங்குவதில்லை.

கடைசிக் காலை பஃபேயில் ஆரம்பித்து அங்கேயே முடிகிறது. பெட்டிகள் முதல்நாள் இரவே போய்விட்டிருக்கும், கணக்கு வந்துவிட்டிருக்கும். தலைக்கு, நாளுக்குப் பதினாறு டாலர் முதல் இருபது டாலர் வரை டிப்ஸ் அதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். இரண்டாம் இரவிலிருந்தே சொல்லாமல் வெந்நீர் கொண்டுவந்து வைத்த பரிமாறுபவருக்குத் தனியே பத்தோ இருபதோ கொடுக்க அம்மாக்கள் பிள்ளைகளிடம் சண்டை போடுவார்கள். கரையில் பழம், இறைச்சி இறக்க அனுமதி இல்லை. சில சமயம் மோப்ப நாயும் வரும். ஐந்தாம் நாள் பஃபேயில் எடுத்துக் கைப்பையில் போட்டு மறந்த ஆப்பிள் அப்போதுதான் நினைவுக்கு வரும். குப்பைக்கூடை பக்கத்திலேயே இருக்கிறது. காசு கொடுக்காத ஆப்பிள்தான் என்றாலும் அதில் போட மனம் வராமல், வரிசை நகர நகர நின்றபடியே தின்று முடிப்பவர்கள்தான் அதிகம்.