யூனிட்டுக்கு யூனிட் அண்ணாச்சி

கல்லூரி மாற்றம் என்ற பேச்சு காதில் விழுந்தால் போதும், அண்ணாச்சி வந்துவிடுவார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா, நீலப் பேனா. கக்கத்தில் ஓர் அடிஸ்கேல். துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கிய மூட்டைக்கும் சீட்டில் இருக்கும் கணக்குக்கும் ஒன்று இடித்தாலும் லாரியை நகரவிடாத மனிதர். பென்ஷன் வாங்க ஆரம்பித்தும் அந்தக் கை நிற்கவில்லை. மூட்டைக்குப் பதில் இப்போது சிலபஸ். எங்கள் ஊர்ப் பிரையண்ட் நகரில் ஒருவர், மில்லர்புரத்தில் ஒருவர், கல்லூரி அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் சம்பளத்துக்கு ஒருவர் என்று எங்கும் நிறைந்திருக்கிறார்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ். அந்தக் கணிதம் அவருக்குத் தெரியாது; தெரிந்திருந்தால் இவ்வளவு கறாராக இருக்க முடியாது.

என் அக்கா மகன் வெளியூர்த் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றிலிருந்து இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு வந்தான். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு சிலபஸ்களும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. அண்ணாச்சி ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேலை வைத்து நகர்த்தினார்.

“லாஜிக்?”

“இருக்கு அண்ணாச்சி.” நீல டிக்.

“காம்பினட்டோரிக்ஸ்?”

“இருக்கு.”

“கிராஃப்ஸ்?”

“அவங்க கிராஃப் தியரின்னு போட்டிருக்காங்க.”

பேனா நின்றது. “இங்க வெறும் கிராஃப்ஸ்னுதான இருக்கு. தியரி எங்கேருந்து வந்துச்சு?” சிவப்பில் ஒரு கேள்விக்குறி விழுந்தது. பிறகு லாட்டிஸ். நம் பக்கத்தில் ஐந்தாவது யூனிட். அந்தக் கல்லூரியில் இரண்டாவது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அஞ்சாவதுல இருக்க வேண்டியது ரெண்டாவதுல இருந்தா, அது எப்படி தம்பி அஞ்சாவது ஆகும்?”

இதற்கு யாரிடம் பதில் இருக்கிறது?

அண்ணா பல்கலைக்கழகத்தையே அவர் விட்டுவைத்ததில்லை. 2013 ரெகுலேஷனில் டிஸ்கிரீட் தாளுக்கு எண் எம்ஏ6566. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் ஐந்தாம் செமஸ்டரில் படித்தார்கள். 2017இல் அது எம்ஏ8351 ஆகி மூன்றாம் செமஸ்டருக்கு வந்தது. 2021இல் எம்ஏ3354. மூன்றிலும் அதே ஐந்து யூனிட், 60 பீரியட், 4 கிரெடிட். 2017இல் மட்டும் யூனிட்டுக்கு 12 பீரியட் என்று மொத்தமாகப் போட்டிருக்கும். மற்ற இரண்டிலும் வகுப்புக்கு 9, டுட்டோரியலுக்கு 3. இதைக் கண்டுபிடித்த நாளில் அண்ணாச்சி தூங்கவில்லை என்று அவர் வீட்டம்மாவே சொன்னார். “பன்னெண்டும் ஒம்பது பிளஸ் மூணும் ஒண்ணுங்கியளா?” என்று மறுநாள் காலையில் டீக்கடையில் என்னை மடக்கினார். ஒன்றுதான் என்றேன். பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே சமானத் தொடர்பு வருகிறது. தற்சுட்டு, சமச்சீர், கடப்பு என்று அதற்கு மூன்று நிபந்தனை. அண்ணாச்சியின் சமானத்தில் மூன்றும் கிடையாது. இந்தக் கல்லூரித் தாளை அந்தக் கல்லூரி ஏற்கும். அந்தக் கல்லூரித் தாளை இது ஏற்காது. சமச்சீர் போச்சு. நடுவில் மூன்றாவது கல்லூரி ஒன்று வந்தால் கடப்பும் போச்சு. ரெகுலேஷன் மாறினால் ஒரு தாள் தனக்குத்தானே சமம் என்பதும் சந்தேகம்தான்.

2021இல் யூஜிசி அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கொண்டுவந்திருக்கிறதே, கணக்கில் ஏறிய கிரெடிட் ஏழு வருஷம் வரை செல்லுமே என்று சொல்லிப் பார்த்தேன். “பேங்குல பணம் கெடக்கட்டும் தம்பி. செக்கைப் பாஸ் பண்ண ஆளு வேண்டாமா?” என்றார். கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரிகளில் இந்தப் பாடத்துக்குக் காம்ப் 152 என்று ஒரு பொது எண் உண்டு, அந்த எண் வாங்கிய வகுப்பை ஒரு கல்லூரியில் படித்தால் மற்றதும் ஒப்புக்கொள்ளும் என்றேன். முகம் வாடிவிட்டது. “அப்போ அங்க சரிபாக்குத ஆளுக்கு என்ன வேலை?”

ஒன்று சொல்ல வேண்டும். மனு எழுத வேண்டும் என்றால் அவரேதான் எழுதுவார், அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்தில். பிள்ளையோடு பஸ் ஏறிக் கல்லூரி வரை வருவார், டீச்செலவுகூட நம்மைக் கொடுக்க விடமாட்டார். நம் வீட்டு அண்ணாச்சியால் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறாரே, அவரால்தான் கெடுதல். அவர் சிவப்புப் பேனாவுக்கு ரப்பர் ஸ்டாம்பும் உண்டு. எங்கள் பையனின் தாளில் ‘சமமானதல்ல’ என்று குத்தினார். பாஸ் செய்த பாடத்தை அவன் மறுபடி எழுத வேண்டும்; அதற்குத் தனிப் பரீட்சைக் கட்டணம்; மற்ற தாள்களோடு இதுவும் ஒரு சுமை. பத்துக் கூண்டில் பதினொரு புறா அடைந்தால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு கேள்வி அவனிடம் கேட்டிருக்கலாம். அத்தனை நடையில் கணக்கில் ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்க் கடற்கரையில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த காலத்தில் முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடை வைத்திருந்தார்கள். 20 துளையில் தொடங்கி 1000 துளை வரை. கடைசிச் சலாபம் 1961இல். அந்தச் சல்லடை முத்தின் பருமனைப் பார்த்தது. எந்தப் பாரில் குளித்து எடுத்தது, யார் வள்ளத்தில் வந்தது என்று கேட்டதில்லை. தாளைத் தாளோடு ஒப்பிடுகிற வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, எதிரே நிற்கிற பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்தால் என்ன குறைந்துபோகும்?

அது நடக்கிறவரை ஒரு யோசனை. உங்கள் பிள்ளை கல்லூரி மாறுவதாக இருந்தால், பழைய கல்லூரியிலேயே சிலபஸ் முழுவதும் பக்கத்துக்குப் பக்கம் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். யூனிட்டுக்கு எத்தனை பீரியட் என்பது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கல்லூரிக்கு, இன்னொன்று அண்ணாச்சிக்கு.