போகாத தெருவை மொதல்ல சொல்லுடே

என்னடே, இன்னுமா தேடுத? காலையில காப்பிக்கு முன்னால தட்டின கிரெப்பு, மத்தியானச் சோறு ஆறியும் முடியலியாமே.

32 ஜிபி ராம் பத்தலைங்க. டெர்மினலுக்குப் பின்னால மலைப் படம் வேற. எழுத்து ஒன்னு பச்சை, ஒன்னு ஊதா. அலங்காரம் இருக்கட்டும்லே. நீ எழுதினது எத்தனை ஃபைலு? நாப்பதா? நோட்_மாட்யூல்ஸுக்குள்ள ஆயிரக்கணக்குல கெடக்கே, அம்புட்டையும் படிச்சுட்டு வான்னு கிரெப்பை அனுப்பினது யாரு? நானா?

அனுப்பிட்டு, கடைசில ஒரு பைப்பைப் போட்டு 'கிரெப் மைனஸ் வி நோட்_மாட்யூல்ஸ்'ங்க. ஆட்டைக் காணலைன்னு ஊரு பூரா அலைஞ்சுட்டு வந்து, வடக்குத் தெருவைக் கணக்குல சேக்காதீங்கன்னா, தேஞ்ச செருப்பு திரும்பி வருமாடே?

இதுல இன்னொரு கூத்து. உன் சொந்த ஃபைல்ல ஏதோ ஒரு வரியில நோட்_மாட்யூல்ஸ்னு எழுதியிருப்ப. மைனஸ் வி அதையும் சேத்துத் தூக்கிரும். பாதை எது, பேச்சு எதுன்னு அது என்னத்தைக் கண்டுச்சு?

கெளம்பும்போதே சொல்லணும்லே. எக்ஸ்குளூட்-டிர், ஒரு சமக்குறி, நோட்_மாட்யூல்ஸ். சோலி முடிஞ்சுது, அந்த வாசப்படியே மிதிக்காது. ஆனா எஸ்ஆர்சி/வெண்டார்னு முழு விலாசம் எழுதி நீட்டாத. குனு கிரெப்பு பேரைத்தான் பாக்கும். வெண்டார்னு மட்டும் சொல்லு.

லாக் ஃபைல் வேண்டாம்னா வெறும் எக்ஸ்குளூட். நட்சத்திரம் போட்டா மேற்கோளுக்குள்ள போடு. ஃபைண்டுக்கு மைனஸ் நேம் குடுக்கும்போதும் அப்படித்தான். இல்லேன்னா பாஷு நடுவழியிலயே நட்சத்திரத்தைப் பிரிச்சிரும். நிக்கிற டைரக்டரில லாக் ஃபைலே இல்லாத அன்னைக்கு ஒழுங்கா ஓடும். ரெண்டு வந்து விழுந்த அன்னைக்கு ஃபைண்டு உன்னைத் திட்டும். "நேத்து ஓடுச்சே தாத்தா"ன்னு எங்கிட்ட வந்து நிப்ப.

1973ல பெல் லேப்ஸ்ல கென் தாம்சன் குடுத்த கிரெப்புக்கு டைரக்டரிக்குள்ள இறங்கவே தெரியாது. குடுத்த ஃபைலைப் படிக்கும், அம்புட்டுதான். நடக்கிற சோலி ஃபைண்டுக்கு. அவன் கெட்டிக்காரன். பேசுறதுக்குத்தான் ஒரு முறை இருக்கு. 'இந்தப் பாதை வேண்டாம்'னு நாட் பாத் போட்டா, உள்ள போய் எல்லாத்தையும் பாத்துட்டு வந்து வாயை மட்டும் மூடிக்கிடுவான். புரூன்னு சொன்னாத்தான் உள்ளயே போகமாட்டான். பொறவு மைனஸ் ஓ, கடைசில மைனஸ் பிரிண்ட். பிரிண்டை விட்டியோ, போகாதேன்னு சொன்ன டைரக்டரி பேரையும் எழுதிக் காட்டுவான். லொள்ளு பிடிச்சவன்.

"இதெல்லாம் எதுக்கு, ரிப்கிரெப் இருக்குல்ல?"ன்னு இழுக்க. இருக்கு. 2016ல வந்த புள்ளை. கிட்இக்னோரைப் படிச்சு அதுவே ஒதுக்கிரும். புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைலையும் திரும்பிப் பாக்காது. வேகமா பறக்கும். நானும் அதைத்தான் வச்சிருக்கேன், யாருட்டயும் சொல்லிராத. ஆனா டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் தேடுனேன், எங்கயுமே இல்லைன்னு நாலு பேரைக் கூட்டி மீட்டிங் போட்டியாமே? புள்ளி இஎன்வி உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கு. மைனஸ் யூயூ போட்டுப் பாத்தியாடே?