காம்பவுண்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை

பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் வருமா, கரண்ட் பில் தனியா, கொசு எப்படி என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். பக்கத்து வீட்டில் ரிட்டயர்டு டீச்சர் உண்டா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டும் பயனில்லை, டீச்சர் இல்லாத தெரு இந்த ஊரில் கிடையாது. பள்ளிக்கூடங்களின் கூட்டத்தைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு’ என்று பட்டம் கொடுத்துவிட்டுப் போனான். அத்தனை பள்ளிக்கூடங்களிலிருந்தும் வருஷா வருஷம் ஓய்வு பெறுகிறவர்கள் எங்கே போவார்கள்? நம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

நான் சொல்வது சி.எஸ்.ஐ. டீச்சரை. வயது அறுபதுக்கு மேல். எவ்வளவு மேல் என்று கேட்கக் கூடாது. வாயில் சேலை, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி, கையில் வயர் கூடை. துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்றால் தலை மட்டும் சுவருக்கு மேல் தெரியும். அந்தத் தலைக்குத் தெரியாமல் தெருவில் ஒரு கேஸ் சிலிண்டர்கூட இறங்க முடியாது.

புதிதாகக் குடிவருகிறவர்கள் லாரியிலிருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் வந்துவிடுவார். ஒரு கையில் காப்பி பிளாஸ்க், மறு கையில் இட்லித் தூக்கு. “மொதல்ல சாமான் எறக்குதவங்களுக்குக் குடுங்க. வெறும் வயித்துல தூக்குனா உங்க பீரோதான் நசுங்கும்.” இட்லி உள்ளே போனதும் விசாரணை தொடங்கும். சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, ஊரில் கொடை எந்த மாசம். சாதியை வாய்விட்டுக் கேட்பது நாகரிகமில்லை என்பது டீச்சருக்குத் தெரியும். கேட்காமலே கண்டுபிடிக்கிற நாகரிகமும் தெரியும். இந்தக் கேள்விகளை அவர் கோயிலில் புதிதாக வந்து உட்காருகிறவர்களிடமும் கேட்பதுண்டு என்பதால், இதில் மதபேதம் இல்லை.

கிளம்புமுன், “ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போயிருதேன்.”

சின்ன ஜெபம் என்றால் என்ன அளவு என்று எந்த வேதபண்டிதரும் வரையறுத்ததில்லை. புது வீட்டில் தொடங்கும். வீட்டுக்காரருடைய வேலை, மேலதிகாரியின் மனமாற்றம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கடந்து, தாமிரபரணிக்கும் மணிமுத்தாறுக்கும் மழை கேட்டு, மாவட்ட ஆட்சியருக்கு ஞானம் கேட்டு, இஸ்ரவேல் தேசம்வரை போய்த் திரும்பும். இதற்குள் அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்திருக்கும். பால் பொங்கினால் நல்லதுதான் என்று வீட்டம்மாள் ஒற்றைக் கண்ணைத் திறந்து ஆறுதல் அடைந்துகொள்வார்.

ஜெபத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. டீச்சர் எந்த வீட்டு ரகசியத்தையும் வெளியில் சொல்ல மாட்டார். ஆண்டவரிடம் மட்டும்தான் சொல்லுவார். ஆனால், கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்று முப்பது வருஷம் பழகிய தொண்டை அது. “ஆண்டவரே, இந்த வீட்டுப் பையன் கணக்குல முப்பத்தெட்டு வாங்கியிருக்கான். அதுலயும் ஆறு மார்க்கு பக்கத்துப் பையனைப் பாத்து எழுதுனதுன்னு நீர் அறிவீர்.” ஆண்டவர் அறிவார், இப்போது எதிர்ச்சாரியில் அயர்ன் வண்டிக்காரரும் அறிவார்.

இதை எழுதுகிற நான் டீச்சருக்குப் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் வீடு சுத்த சைவம். வீட்டுச் சாவி டீச்சர் வீட்டில்தான் தொங்குகிறது. எங்களுடையது மட்டுமா! அவர் வீட்டு முன்னறையில், ஆணி அடித்த பலகை ஒன்றில் தெருவின் பாதிச் சாவிகள் ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் பழைய நோட்டு அட்டையை வெட்டி, சிவப்பு மையில் பெயர் எழுதிக் கட்டியிருக்கும். சிலிண்டருக்குப் பணம், கூரியருக்குக் கையெழுத்து, மீட்டர் எடுக்க வருகிறவருக்குக் கேட் திறப்பது எல்லாம் அங்கேதான். பாங்க் லாக்கருக்கு வாடகை கேட்கிறார்கள். டீச்சர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “எங்க போறிய, எப்ப வருவிய?” அதற்கு உண்மையான பதில்.

மாடியில் டேங்க் நிறைந்து வழிந்தால் மட்டும் பொறுக்க மாட்டார். “தம்பீ! மோட்டாரை அமத்து! பாப்பாத்தியம்மா கிணறு வெட்டுன ஊருல தண்ணியை இப்படியா ஊத்தவிடுவாவ?” அவர் சொல்வது கிளாரிந்தா அம்மையாரை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை; 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் முயற்சியில் 1785-இல் எழுந்த சின்னக் கோயிலை ஊரார் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். அவர் வெட்டிய கிணறும் உண்டு. டீச்சர் திருத்தும் பேப்பரில் கிணற்றுக்குத்தான் கூடுதல் மார்க். “கோயில் நம்ம ஆளுகளுக்கு. கிணறு எல்லாருக்கும்லா?”

இப்படிப் பேசுகிற டீச்சர், தான் செய்கிற ஊழியத்தைக் கணக்கெழுதும்போது மட்டும் கிணற்றை மறந்துவிடுவார். அவரிடம் ஓர் ஊழிய நோட்டு உண்டு. நாற்பது பக்கம், கோடு போட்டது. கைப்பிரதி கொடுத்தது எத்தனை, ஜெபக்கூட்டம் எத்தனை, எந்தெந்த வீட்டில் வேதம் வாசித்தது என்று தேதிவாரியாக இருக்கும். தெருவின் கணக்கு வேறு. கைப்பிரதியை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பஸ் கண்டக்டர் அதன் பின்பக்கத்தில் பாக்கிச் சில்லறை எழுதிக் கொடுக்கிறார். கடலைக்கார அண்ணாச்சி அதில் பொட்டலம் மடித்து, சுவிசேஷம் இன்னும் விரிவாகப் பரவ உதவுகிறார். மனம் மாறினேன் என்று இதுவரை யாரும் வந்து சொன்னதாகத் தெரியவில்லை. டீச்சர் சோர்வதும் இல்லை.

நோட்டில் ஏறாதவற்றைச் சொல்கிறேன். எங்கள் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்த ராத்திரி, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே ஆட்டோ நின்றது. கூப்பிட்டது யார் என்று கேட்க வேண்டுமா? டார்ச், போர்வை, வெந்நீர் பிளாஸ்க்கோடு டீச்சர் ஏற்கெனவே பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் அந்த நேரத்தில் எங்கே போய் எதைக் கேட்பது என்று நாங்கள் விழித்தோம். டீச்சர் வாசலில் நின்ற காவலாளியை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒருமுறை பார்த்தார். “ஏலே, ஏழாம் வாய்ப்பாடு கேட்டா ஒண்ணுக்கு வருதுன்னு ஓடுவியே, அவன்தானே நீ?” நரைத்த மீசையோடு இருந்த அந்த மனிதர், விரலை உயர்த்தாத குறையாக, “ஆமா டீச்சர்” என்றார். அதன்பின் வீல்சேர் வந்தது, வழி தெரிந்தது, எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் இன்னொரு மாணவி கிடைத்தாள். விடியும்வரை பாட்டியின் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தவர், காலையில் வீடு திரும்பி நோட்டில் என்ன எழுதினார் என்பதை நான் பின்னால் பார்த்தேன். ‘வியாழன்: ஊழியம் ஒன்றும் இல்லை. உடம்பு அசதி.’

கைப்பிடி அரிசி விஷயமும் இப்படித்தான். உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு, நிறைந்ததும் கோயிலில் கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கம் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வெகுகாலமாக உண்டு. இப்படிப்பட்ட காணிக்கைகளை நம்பித்தான் 1903-இல் இதே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்து, தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையிலிருந்து வந்த அசரியா. 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். இந்த வரலாற்றை டீச்சர் தானே மூட்டை தூக்கி ரயிலேற்றிவிட்ட தோரணையில் சொல்லுவார். ஆனால் அவர் வீட்டுக் கைப்பிடிப்பானை மட்டும் நிறையவே நிறையாது. வீடு கூட்ட வருகிற அம்மாள், மாசக் கடைசியில் முகம் வாடுகிற அச்சாபீஸ்காரர் வீடு, பிரசவித்த வீடு என்று ராத்திரியோடு ராத்திரியாகப் பானை இறங்கிவிடும். கோயிலுக்குப் போகும்போது கடையில் இரண்டு கிலோ வாங்கிக் கலந்து எடுத்துக்கொண்டு போவார். “ஆண்டவருக்குக் குறையக்கூடாதுல்லா.”

இதே சபையில் கமிட்டி அண்ணாச்சி என்று இன்னொரு வகையும் உண்டு. சுருக்கமாகச் சொன்னால் போதும். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, டயோசிசன் தேர்தலில் ஓர் அணி. உங்கள் வீட்டில் துக்கம் என்றால் கையை இறுகப் பிடித்து, “ஜெபிக்கேன்” என்பார். பிடித்த கையை விட்டதும் பைக் கிளம்பிவிடும். பசித்தவனுக்கு வாழ்த்தை மட்டும் கொடுத்தனுப்புகிறவனை யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே பிடிபிடியென்று பிடித்துவிட்டதால் நான் மறுபடியும் பிடிக்கவில்லை. அண்ணாச்சியைப் பார்க்க வேண்டுமானால் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தேங்காய். மைக்கில் பேர் சொல்லச் சொல்ல விலை ஏறும். எதிரணி கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு தென்னந்தோப்பின் விலைக்கு அதை எடுத்து, தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். டீச்சர் பின்வரிசையில் யாரும் சீண்டாத கத்தரிக்காய்க் குவியலை ஏலம் கேட்பார். மறுநாள் எங்கள் தெரு முழுக்க எண்ணெய்க் கத்தரிக்காய்.

பலகாரத் தட்டு இந்தத் தெருவின் தனி இலாகா. கிறிஸ்துமஸுக்கு டீச்சர் வீட்டிலிருந்து முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் முட்டை போடாத கேக்கும் வரும். முட்டை போட்டது வேறு தட்டில், வேறு வீடுகளுக்கு. தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும். படைத்த பண்டத்தைச் சாப்பிடலாமா கூடாதா என்று கொரிந்து பட்டணத்தில் கிளம்பிய சண்டையைத் தீர்க்கப் பவுல் ஓர் அதிகாரம் முழுக்க எழுத வேண்டியிருந்தது. என் அம்மா அதைக் கடிகாரத்தைப் பார்த்துத் தீர்த்துவிட்டாள். எண்ணெய்ச் சட்டியிலிருந்து இறங்கியதும் முதல் தட்டு டீச்சருக்கு, அப்புறம்தான் சாமிக்கு.

“டீச்சர், சாமி கும்பிடுததுக்கு முன்னாலயே எடுத்து வச்சது.”

“தெரியும் மைனி. ஆனா முறுக்குல உப்பு கூடிட்டே. இனி படைக்கப்போற சாமிக்காவது சொல்லிருங்க.”

இவ்வளவு பேரிடமும் ஒட்டுகிற டீச்சருக்கு ஒட்டாத வீடு ஒன்று உண்டு. எதிர்வீடு. அங்கே இருப்பதும் ஒரு ரிட்டயர்டு டீச்சர்தான். அதே சபை, அதே பாடகர் குழு, அதே ஆல்டோ. வேப்பிலை யார் வாசலில் விழுகிறது என்பதில் ஆரம்பித்து, கிறிஸ்துமஸ் கீதத்தில் யார் சுருதி விட்டார் என்பதில் முற்றி, இருவரும் பேசி வெகுகாலமாகிறது. முருகன்குறிச்சியில் 1826-இல் ரேனியஸ் ஐயர் எழுப்பிய ஊசிக்கோபுரக் கோயிலில் இருவரும் ஒரே வரிசையின் இரண்டு முனைகளில் உட்காருவார்கள். பிரசங்கத்தில் நல்ல சமாரியன் வந்தால் டீச்சர் பலமாகத் தலையாட்டுவார். குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் விலகிப்போன லேவியன் வரும்போது, அந்த முனையைப் பார்ப்பார். அந்த முனையும் இந்த முனையைப் பார்க்கும்.

அந்த எதிர்வீட்டு டீச்சருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. மகன் துபாயில். மூன்றாம் நாள் சாயங்காலம் சுவருக்கு மேல் தலை தெரிந்தது. கூடவே ஒரு தூக்குச்சட்டி.

“தம்பி, இதைக் கொண்டுபோய் எதிர்த்தாப்புல குடுத்துரு. நான் குடுத்தேன்னு சொல்லப்பிடாது.”

வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்கிற மலைப்பிரசங்கத்தை டீச்சர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறவர். ஆனால் பாத்திரக்கடையில் எவர்சில்வர் வாங்கினால் பெயர் வெட்டித் தருகிறார்களே! தூக்கின் மூடியில், அடியில், கைப்பிடியில் எல்லாம் டீச்சரின் இனிஷியலோடு பெயரும், பி.எட். பட்டமும் பளபளத்தன. கொடுத்தேன். எதிர்வீட்டம்மாள் மூடியைப் படித்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் தூக்கு கழுவித் துடைத்து, உள்ளே எலுமிச்சங்காய் ஊறுகாயோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் குடுத்தேன்னு சொல்லாதே என்பதும் சேர்ந்தே வந்தது.

அன்று முதல் நான் தபால்காரன். வத்தக்குழம்பு, சொதி, உளுந்தங்களி எல்லாம் எங்கள் வீட்டு வழியாகத்தான் தெருவைக் கடக்கின்றன. போன சனிக்கிழமை மட்டும் தூக்கு சூடாக இருந்தது, வாசனை வேறாக இருந்தது. சாளை மீன் குழம்பு. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “நடுக்கூடத்து வழியாப் போகாத, பின்வாசல் வழியாப் போ” என்று கதவைத் திறந்துவிட்டாள். நான் கையை நீட்டிப் பிடித்தபடி நடந்தேன்.

எதிர்வீட்டு டீச்சர் வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்து மூடியைத் திறந்து மோந்தார்.

“புளி பத்தாதுன்னு போய்ச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத.”