பச்சை விளக்கு

சர்வரை நிறுவக் கால் மணி நேரம் போதும். நிரலைத் தானாக பில்ட் செய்து டெஸ்ட் ஓட்டும் ஜென்கின்ஸை இறக்கி, ஜாவாவைக் காட்டி, 8080 போர்ட்டைத் திறந்தால் வேலை முடிந்தது. அப்புறம் ஆறு மாதம் பிளகின்களோடு மல்லுக்கட்டு.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த கோசுகே கவகுச்சி, பில்டை உடைத்துச் சக ஊழியர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது போதும் என்றுதான் இதை எழுதினார். அப்போது பெயர் ஹட்சன். சன்னை வாங்கிய ஆரக்கிளோடு தகராறு வந்து 2011இல் ஜென்கின்ஸ் ஆனது. தேறிய பில்டுக்கு அது நீலப் பந்து காட்டியது. ஜப்பானில் சிக்னலின் பச்சையையும் நீலம் என்றே சொல்வார்கள். மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை, பந்தைப் பச்சையாக்கவே தனி பிளகின் வந்தது.

அந்தப் பச்சைக்காகத்தான் எல்லாக் கூத்தும். அடம்பிடிக்கும் டெஸ்ட்டுக்கு மேலே ‘ஸ்கிப்’ என்று ஒரு வரி, உடனே பச்சை.

பட்டாசு ஆலைகள் உள்ள சாத்தூர்ப் பக்கம், விதியை இப்படித் தாண்டிப்போவதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு ஷெட்டில் 4 பேருக்கு மேல் கூடாது, மருந்து இவ்வளவுதான் என்று சுவரிலேயே பெயின்ட்டில் எழுதியிருக்கும். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சர்வரில் சிவப்பு விழுந்தால் ஒரு மெயில் வரும். டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம்.