விஸ்வநாதன் என்று ஒருவன் இல்லை

கல்பாத்தியில் பென்ஷன் வாங்குகிறவனுக்கு இரண்டே உத்தியோகம். நவம்பரில் தேர்த் திருவிழாக் கச்சேரிக்கு முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் தப்புகிறதா என்று வேவு பார்ப்பது ஒன்று. மீதி நாளெல்லாம், பிள்ளை வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன லேப்டாப்பை நோண்டுவது மற்றொன்று. பாலக்காட்டுக்கு 2015-இல் ஐ.ஐ.டி.யே வந்துவிட்டது. அந்தக் காற்று என் மேலும் கொஞ்சம் படட்டுமே என்று பைத்தான் கற்றுக்கொள்ளத் தீர்மானித்தேன்.

"பாஸ்புக்கைப் படிக்கவே ரெண்டு கண்ணாடி மாத்தறேள், இதுல பைத்தானா?" என்றாள் ஆத்துக்காரி. மேதைகளின் வீட்டில் இதெல்லாம் சகஜம்.

பைத்தான் 3.12-ஐ நிறுவினேன். பாடத்தின் முதல் புரோகிராம் பேரைக் கேட்கும். சொன்னால் வணக்கம் சொல்லும், அவ்வளவுதான். பேரை அடித்தேன். "நேம் எரர்: விஸ்வநாதன் என்ற பெயர் வரையறுக்கப்படவில்லை" என்றது. 1425-லிருந்து விசுவநாத சுவாமி கோயில் கொண்டிருக்கும் ஊரில், ஆத்துக்கு ஒரு விஸ்வநாதனாவது இருக்கும் தெருவில், என்னைப் பார்த்து இந்தப் பேச்சு!

மென்பொருள் மக்கர் செய்தால் என் தலைமுறை அறிந்த ஒரே சிகிச்சை, நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. அதைச் சிரத்தையாகச் செய்தேன். ரீஸ்டார்ட்டும் செய்து, நடுவில் ஒரு காப்பியும் குடித்தேன். நேம் எரர் அசையவில்லை.

பக்கத்தாத்துப் பெண் இன்ஜினியரிங் படிக்கிறவள். மொளகூட்டல் கொடுக்க வந்தவள் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே, கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு வரி அடித்தாள்: பைத்தான், இடைவெளி, இரண்டு கோடு, வெர்ஷன். திரையில் 2.7.18 என்று வந்தது. அதாவது, 2020 ஜனவரி 1-ஆம் தேதியே ஆதரவு நிறுத்தப்பட்ட பழைய பைத்தான். அதில் 'இன்புட்' கட்டளை, நாம் அடிப்பதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளாதாம். புரோகிராமின் ஒரு துண்டென்று நினைத்து அதற்கு மதிப்புத் தேடுமாம். விஸ்வநாதனுக்கு மதிப்பில்லை என்று அது சொன்னதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

"மாமா, நீங்க போட்டது சரியாத்தான் இருக்கு. யார் மொதல்ல நிக்கறாங்கிறதுதான் கொழப்பம். பாத்தைப் பாருங்கோ" என்றாள்.

எங்கள் தெருத் தபால்காரரை நினைத்துக்கொண்டால் பாத் புரிந்துவிடும். கடிதத்தில் வெறுமே 'விஸ்வநாதன், கல்பாத்தி' என்றிருந்தால் அவர் கோயில் பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஆமாகக் கேட்டுக்கொண்டு வருவார். முதலில் 'நான்தான்' என்கிறவர் கையில் கடிதம். அடுத்த ஆத்து விஸ்வநாதன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். பாத் என்பது அப்படி வரிசையாகத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல். விண்டோஸில் சிஸ்டம் பட்டியல் முதலில், பயனரின் பட்டியல் பிறகு. பிள்ளையின் 2.7 சிஸ்டம் பட்டியலில் இருந்தது; என் 3.12 பயனர் பட்டியலில்.

'வேர் பைத்தான்' என்று அடிக்கச் சொன்னாள். மூன்று வரி வந்தது: பழையது, என்னுடையது, மூன்றாவதாக மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வழிகாட்டும் வெறும் கைகாட்டி. அந்தக் கைகாட்டி 2019 முதல் விண்டோஸ் 10-இல் குடியிருக்கிறதாம், வாடகை இல்லாமல்.

சிஸ்டம் பட்டியலிலிருந்து பழைய வரியை எடுத்துவிட்டு ஓ.கே. அழுத்தினேன். அப்போதும் 2.7 தான். "அந்தக் கறுப்பு ஜன்னல் தொறந்தப்போ இருந்த செட்டிங்ஸைத்தான் வெச்சுண்டிருக்கும், மாமா. அதை மூடிட்டுப் புதுசா ஒண்ணு தொறங்கோ, மனசிலாச்சா?"

"ஜன்னலைச் சாத்தித் தொறக்கச் சொல்றதுக்கா இத்தனை படிப்பு?" என்றாள் ஆத்துக்காரி. திறந்தேன், 3.12 வந்தது. அப்போது என் முகத்தில் இருந்த களையைப் பார்த்தவர்கள், பைத்தானை எழுதியதே நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் களை அடுத்த பாடம் வரைதான். படம் வரையும் மேட்பிளாட்லிப்பை நிறுவினால், நிறுவியதை விட்டுவிட்டுப் பழைய பிரதியைத் தேடி எடுத்து சின்டாக்ஸ் எரர் போட்டது. காரணம் 'பைத்தான்பாத்' என்னும் இன்னொரு செட்டிங். அதில் எழுதிய ஃபோல்டருக்குத்தான் முன்னுரிமை. புதிய பைத்தானும் அதை மதிக்கும். பெங்களூரில் இருக்கும் பிள்ளைக்குப் போன் போட்டேன். "காலேஜ் ப்ராஜெக்ட் ஓடலைன்னு போட்டேன்ப்பா. அப்பறம் ஓடித்து, விட்டுட்டேன்" என்றான். அந்த வரியையும் நீக்கினேன்; படம் வந்தது.

வாசகர்களே, மென்பொருள் முரண்டு பிடித்தால் உடனே நீக்கி நிறுவாதீர்கள். எது ஓடுகிறது, எங்கிருந்து ஓடுகிறது என்று முதலில் கேளுங்கள். பாத்தில் கை வைக்குமுன் பழைய பட்டியலை நகலெடுத்து வையுங்கள். 'செட்எக்ஸ்' கட்டளையால் அதை மாற்றாதீர்கள். 1,024 எழுத்துக்கு மேல் இருப்பதை அது வெட்டிவிடும். ஒவ்வொரு வேலைக்கும் அதன் மென்பொருள்களைத் தனியாக வைக்க ஒரு 'வென்வ்' அமைத்துக்கொள்ளுங்கள். 2012-இல் வந்த பைத்தான் 3.3-லிருந்தே அந்த வசதி கூடவே வருகிறது. இவ்வளவுக்கும் பொறுமை இல்லையென்றால், மொளகூட்டல் கொண்டுவரும் பக்கத்தாத்துப் பெண்ணோடு சண்டை போடாமல் இருங்கள்.