உப்பியல்: மலையேறும் மிக்ஸர் பக்கட் பற்றிய ஓர் ஆய்வு

உலகில் உப்புவன மூன்று: எண்ணெயில் விழுந்த பூரி, பதவியில் அமர்ந்த மனிதர், மலையேறும் பஸ்ஸில் தொங்கும் மிக்ஸர் பக்கட். முதலிரண்டையும் அறிஞர் பலர் அலசிவிட்டனர். மூன்றாவதைத் தீண்டுவாரில்லை. அக்குறை தீர்க்க எழுந்ததே இக்கட்டுரை.

1. ஆய்வுக் களம்

அவிசாவளை - நுவரெலியா வீதி. கித்துல்கலை வரை சாதுவாகக் கிடக்கும் பக்கட், கினிகத்தேனை ஏற்றத்தில் சுருக்கம் நீங்கி, ஹட்டனில் கன்னம் புடைத்து, நுவரெலியாவில் தலையணையாகிவிடுகிறது.

2. முன்னோர் கொள்கை

கடைக்கார மரபு: "சாமான் கூடப் போட்டிருக்கான்." அம்மாயி மரபு: "கெட்டுப்போச்சு, தூக்கி எறி." இரண்டும் இங்கே செல்லா. பிரான்ஸின் பாஸ்கல் 1648இல் தம் மைத்துனரைப் பாதரசக் குழாயுடன் பூய் து டோம் மலைக்கு ஏற்றி, உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதை நிறுவினார். மைத்துனரை ஏற்றிவிட்டுத் தாம் கீழே இருந்துகொள்வது ஆய்வு நெறிகளுள் தலையாயது. அழுத்தம் குறைந்தால் வாயு விரியும் என்பது 1662இல் பொயில் வெளியிட்ட விதி. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. கொழும்பில் அடைபட்ட வாயுவை வெளியிலிருந்து அமுக்க ஆள் குறைந்ததும் அது நெஞ்சை நிமிர்த்துகிறது.

3. வகைப்பாடு

(அ) உயர உப்பல்: மலையிறங்கினால் தணியும். (ஆ) கேட்டு உப்பல்: மீன் டின்னிலும் யோகட் கப்பிலும் கிருமிகள் விடும் வாயுவால் வருவது, எங்கே இறக்கினாலும் தணியாது. இவ்விடத்தில் அம்மாயி மரபே பிரமாணம்.

4. விதிவிலக்கு

மலையில் அடைத்தவை கீழே போனால் சுருங்க வேண்டும். தேயிலை அப்படியன்று. 1883 முதல் கொழும்பு ஏலத்துக்கு இறங்கிவரும் அதன் விலை, இறங்க இறங்க உப்புகிறது. கொழும்பில் பேசி முடித்து மலைக்கு அனுப்பப்படும் தோட்டச் சம்பளமோ, கினிகத்தேனை தாண்டியும் ஒரு சதம் உப்புவதில்லை. பொயில் விதிக்கு அடங்காத பொருள்கள் இவை இரண்டே.

5. முடிபு

உப்பல் வேறு, எடை வேறு. புறக்கோட்டையில் 100 கிராம் மிக்ஸர் ஹட்டனிலும் 100 கிராமே. ஆகவே வாங்குவோர் பக்கட்டின் வயிற்றைப் பாராது, அதில் அச்சிட்ட எடையைப் பார்க்க. உப்பிய மீன் டின்னைப் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்கற்க.