புரோத்ராபூர் வீடுகளில் தொலைக்காட்சிக் கருத்துரை மரபு: மழைவெட்டு நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்

தமிழில் ஆய்வு நடக்காத பொருள் அருகிவிட்டது. சங்க இலக்கியத்தில் உப்பு, சங்க இலக்கியத்தில் நண்டு, சங்க இலக்கியத்தில் உப்பிட்ட நண்டு என்று எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிட்டார்கள். சீரியல் பார்க்கிறவர் பார்த்துக்கொண்டே சொல்லும் கருத்துகளை மட்டும் சீந்துவார் இல்லை. இந்த ‘ஆய்வு இடைவெளி’யை நிரப்பவே இக்கட்டுரை எழுகிறது. நிரப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இடைவெளிகள் கேட்பதில்லை, ஆய்வாளனாகப் பார்த்துச் செய்ய வேண்டியதுதான்.

ஆய்வு எல்லை, தெற்கு அந்தமானில் போர்ட் பிளேரை ஒட்டியிருக்கும் புரோத்ராபூர். (போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. முதன்மைத் தகவலாளர் இன்னும் ஒப்புதல் தராததால் இங்கே பழைய வழக்கே பின்பற்றப்படுகிறது.) எல்லை குறுகக் குறுக ஆழம் கூடும் என்பது நெறியாளர்கள் வாக்கு. ஆகவே ஊர் முழுவதையும் எடுக்காமல் ஒரே வீட்டின் கூடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆழம் தாராளமாகக் கிடைத்தது.

முதன்மை ஆதாரம்: அத்தை. துணைமை ஆதாரங்கள்: மாமா, எதிர்வீட்டு வங்காளத் தீதி. கருதுகோள்: ஒரு காட்சியை ஒருவர் எவ்வளவு குறைவாகப் பார்த்தாரோ, அதைப் பற்றி அவர் சொல்லும் கருத்து அவ்வளவு உறுதியாக இருக்கும்.

இயல் ஒன்று: முன்னாய்வுகள்

முன்னாய்வு ஏதும் இல்லாததால் எண்களைத் தருகிறோம். எண் இருந்தால் ஆய்வு மாதிரித் தெரியும். ‘கோலங்கள்’ 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 1,533 எபிசோடு. திருக்குறள் 1,330. ஆக வள்ளுவரைவிட 203 மிகுதி. இந்த மிகுதியைப் பற்றிப் பரிமேலழகர் உள்ளிட்ட பதின்மரும் வாய் திறக்கவில்லை. 2014 முதல் 2022 வரை ஓடிய ‘சந்திரலேகா’வுக்கு 2,314 எபிசோடு. தொல்காப்பியர் 1,600 சொச்சம் நூற்பாவிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார். “சந்திரலேகாவுக்கு உரை எழுத இன்னும் ஆள் பொறக்கலை” என்பது அறிஞர் துணிபு (அத்தை, தனிப்பேச்சு, வெங்காயம் உரித்தபடி).

இயல் இரண்டு: திணை

தீவு என்பதால் நிலம் நெய்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும். மெகா சீரியலுக்கும் அதுவே. நிமித்தம் என்பது விளம்பர இடைவேளை. எனவே சீரியல் பிறப்பால் நெய்தலுக்கு உரியது என்றும், வைகைக் கரையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறவர்கள் திணைமயக்கத்தில் இருக்கிறார்கள் என்றும் நிறுவப்படுகிறது.

இயல் மூன்று: ஐம்பது நிமிட முதிர்ச்சிக் கோட்பாடு

இந்திய நேரத்தை 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கிறார்கள். சென்னை 80 பாகையைச் சற்றே தாண்டி இருக்கிறது. நாங்கள் 93 பாகையை நெருங்கிக்கொண்டிருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம் என்று போட்டால், சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முந்தி இங்கே வந்து, ஐம்பது நிமிடம் முந்தியே வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும். கடிகாரம் மட்டும் சென்னைக்குக் கட்டுப்பட்டு ஓடுகிறது.

இதன் விளைவை இதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சென்னையில் ஒன்பது மணி சீரியலைப் பார்க்கிறவர் ஒன்பது மணி ஆள். புரோத்ராபூரில் பார்க்கிறவர் உள்ளபடியே ஒன்பது ஐம்பது ஆள். சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, இரண்டு கொட்டாவியும் விட்டு முடித்தவர். ஆகவே இங்கே பிறக்கும் கருத்து சென்னைக் கருத்தைவிட ஐம்பது நிமிடம் முதிர்ந்தது. புது மருமகளை நம்பலாமா என்று மயிலாப்பூர் யோசித்துக்கொண்டிருக்கும்போது, இங்கே அத்தை அவளை நம்பி, ஏமாந்து, மன்னித்து, மறுபடியும் சந்தேகப்படத் தொடங்கியிருப்பார். மாமா இந்தக் கோட்பாட்டை மறுக்கிறார்: “தீர்க்கரேகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி மதுரையில இருக்கும்போதும் இவ இப்படித்தான்” (மாமா, முணுமுணுப்பு, திண்ணைப் பதிப்பு, அத்தை காபியோடு வந்துவிட்டதால் நூல் முற்றுப்பெறவில்லை).

இயல் நான்கு: இணையம்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் வந்து சேர்ந்தது. அதற்கு முன் திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்தபடி தோன்றிய கருத்துகள் தனி முனைவர் பட்டத்துக்கு உரியவை.

இயல் ஐந்து: சில வகைகள்

நில அளவைக் கருத்து. திரையில் அந்தமான் வந்தால் மாமாவுக்குக் கதை நின்றுவிடும். 1996இல் பிரியதர்ஷன் எடுத்த ‘சிறைச்சாலை’ (மலையாளத்தில் ‘காலாபாணி’) ஒளிப்பதிவுக்காகச் சந்தோஷ் சிவனுக்கும் கலை இயக்கத்துக்காகச் சாபு சிரிலுக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம். மோகன்லால் அடிவாங்குகிறார், பிரபு அடிவாங்குகிறார், இளையராஜா பின்னணியில் உருக்குகிறார். மாமா எழுந்து போய்த் திரையில் விரலை வைத்து, “அபர்தீன் பஜார் இந்தப் பக்கம். இவன் எதுக்கு அந்தப் பக்கம் ஓடுறான்?” என்கிறார். 2023 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘காலா பானி’யில் தீவு முழுக்க மர்மக் காய்ச்சல் பரவி ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜெட்டியில் கியூ இவ்வளவு ஒழுங்காக நிற்காது என்பதுதான் மாமாவின் கருத்து (மாமா, ஏழு எபிசோடுக்கும் சேர்த்து ஒரே கருத்து, மறுபதிப்பு ஏழு).

பதிலிக் கருத்து. ‘எதிர்நீச்சல்’ ஓடிக்கொண்டிருந்தபோது 2023 செப்டம்பர் 8 அன்று ஜி. மாரிமுத்து இறந்துபோனார். ஆதி குணசேகரனாக அடுத்து வந்தவர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. பத்திரிகைகளில் இதைப் பற்றிப் பத்தி பத்தியாக வந்தது. “இவரும் நல்லாத்தான் பண்றார். ஆனா நான் திட்டுறதுக்குப் பழகின ஆளு அவரு” என்று அத்தை ஒரே மூச்சில் முடித்தார். நடிப்பைப் பற்றி நான் படித்த பல திறனாய்வுகளில் இந்தளவுக்குக்கூடச் சரக்கு இருந்ததில்லை.

மொழியறியாக் கருத்து. 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் வங்காளம் பேசுவோர் 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. ஆகவே ஒரு தமிழ் சீரியலுக்கு நான்கு மொழியில் கருத்து விளைகிறது. எதிர்வீட்டுத் தீதிக்குத் தமிழில் ‘வாங்க’, ‘சாப்பாடு’ இரண்டும் தெரியும். புதிதாக ஒரு தம்பி பாத்திரம் நுழைந்தது. நெற்றி நிறைய விபூதி, பேச்செல்லாம் தேன். அத்தை உருகிவிட்டார். தீதி இரண்டே நிமிடம் பார்த்துவிட்டு, “ஏ ஆத்மி டீக் நஹி ஹை” என்றார். அதாவது ஆள் சரியில்லை. எப்படி என்றால், அவன் பேசும்போதெல்லாம் கைக்கடிகாரத்தின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தானாம். நாற்பது எபிசோடு கழித்து அவன் வீட்டுப் பத்திரத்தோடு ஓடினான். வசனம் புரிந்தவர்கள் வசனத்தை நம்பிக் கெட்டார்கள். தீதிக்கு அந்த இடைஞ்சல் இல்லை.

விளம்பரம் பற்றிய கருத்து. உண்டு.

இயல் ஆறு: மழைவெட்டு

இனித்தான் ஆய்வின் நடுப்பொருள். அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் சொந்தம். மே மாதம் பிடித்தால் ஆண்டு முடிகிறவரை விட்டுவிட்டுப் பெய்து, ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் கொட்டித் தீர்க்கும். டிஷ்ஷுக்கு வரும் கேயூ அலைவரிசையைக் கனமழையின் துளிகள் குடித்துவிடும் என்பது இயற்பியல். மாமியார் கையை ஓங்கும்போது மட்டும் குடிக்கும் என்பது கள ஆய்வில் கண்டது.

ஓர் இரவு நிகழ்ந்ததை அப்படியே பதிவு செய்கிறோம். மாமியார் கையில் பால் டம்ளர். மருமகள் எதிரே நிற்கிறாள். பாலில் ஏதோ கலந்திருப்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தகரக் கூரையில் நாலு துளி விழுகிறது. அத்தை சவுண்டைக் கூட்டுகிறார். மழை அதைவிடக் கூட்டுகிறது. மருமகள் முகம் முதலில் கட்டம் கட்டமாக உடைகிறது. டம்ளர் பாதிக் காற்றில் நின்றுபோகிறது. பிறகு ‘சிக்னல் இல்லை’ என்ற நீலத்திரை.

இந்த நீலத்திரையில்தான் புரோத்ராபூர்த் திறனாய்வு பிறக்கிறது. அரை நிமிட அமைதி. பிறகு அத்தை: “குடிச்சிருப்பா.” மாமா: “குடிக்க மாட்டா. நாளைக்கும் சீரியல் ஓடணும்ல?” தீதி: “பில்லி.” அதாவது பூனை வந்து டம்ளரைத் தட்டிவிடும். அந்த வீட்டில் பூனை கிடையாது என்று அத்தை எடுத்துக்காட்ட, சீரியலில் தேவைப்படும்போது பூனை வரும் என்று தீதி இந்தியில் பதிலுரைத்தார். இருபது நிமிடம் வாதம் நடந்தது. சிக்னல் திரும்பியபோது சோப்பு விளம்பரம். அதற்குள் அத்தை அடுத்த மூன்று காட்சிகளையும் வசனத்தோடு முடித்திருந்தார்: மருமகள் குடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே டாக்டரே தன் பள்ளித் தோழன் என்று கண்டு அழுகிறாள்.

மறுநாள் முன்கதைச் சுருக்கத்தில் உண்மை வெளியானது. மருமகள் குடிக்கவே இல்லை; போன் வந்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். கருத்து தவறிப்போனால் மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. அத்தை, “இது நடுவுல சேர்த்தது. நேத்து வந்தது இது இல்ல” என்றார். அதாவது ஒளிபரப்பான காட்சி இடைச்செருகல். அத்தையின் காட்சியே மூலபாடம். நேற்று ஒன்றுமே வரவில்லையே என்று மாமா சொன்னதைப் பாடபேதமாகக்கூட அவர் ஏற்கவில்லை (அத்தை, சிக்னல் இல்லாப் படலம், நேற்றைய பதிப்பு, மேற்படி, திருத்திய பதிப்பு, அன்று காலை கொடிக்கயிற்றருகே தீதியிடம் வாய்மொழியாக வெளியிட்டது, மேற்படி, விரிவாக்கிய மூன்றாம் பதிப்பு, மதுரைத் தங்கைக்கு வாட்ஸ்அப் குரல்பதிவாக, ஒன்பது நிமிடம், நடுவில் மீன்காரர் குரல்).

மரபில் இதற்கு முன்னோடி இருக்கிறார். முல்லைப்பாட்டின் ஓர் அடியை இங்கிருந்து பிய்த்து, தொலைவில் கிடக்கும் இன்னோர் அடியோடு கோத்து, நப்பூதனாரே வந்து கேட்டாலும் அசராத அளவுக்குப் பொருள் சொன்னவர் நச்சினார்க்கினியர். அந்த உத்திக்கு ‘மாட்டு’ என்று பெயர். அத்தை மாட்டுவது இன்னும் கடினம். நச்சினார்க்கினியர் இருக்கிற அடிகளை மாட்டினார். அத்தை இல்லாத காட்சிகளை மாட்டுகிறார். எதிர்முனையில் உ.வே.சா. 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. ஏடு கிடைக்கவில்லை, விட்டுவிட்டார். சிதைந்த இடங்களில் புள்ளி வைத்துவிட்டு நகர்ந்தார். அத்தையிடம் ஏடு போயிருந்தால் நமக்குப் புறநானூறு நானூறுக்கும் மேலே கிடைத்திருக்கும்.

பார்க்காததைப் பற்றி இவ்வளவு தீர்மானமாகப் பேசலாமா என்று யாரேனும் ஐயுறலாம். புத்தகங்களுக்கு எழுதப்படும் அணிந்துரைகளைப் புரட்டிப் பார்க்கவும். “இந்நூல் ஆழமும் அகலமும் கொண்டது” என்பார்கள். அகலத்தை அட்டையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். முந்நூறு கட்டுரைகளை ஒரே தொகுதியில் கட்டி, ஒரே நாளில் வெளியிட்டு, ‘வல்லுநர் குழு சீர்தூக்கிப் பார்த்தது’ என்று முதல் பக்கத்தில் அச்சிடும் பன்னாட்டுக் கருத்தரங்கங்களும் உண்டு. அத்தைக்காவது மழை என்று ஒரு காரணம் இருக்கிறது.

புறத்தேர்வு

முறைப்படி இக்கட்டுரை அத்தை முன் வாசிக்கப்பட்டது. ‘ஆய்வு எல்லை’ வருவதற்குள் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வாசிப்பு நிற்கவில்லை. கடைசிப் பக்கத்தில் திரும்பி வந்து, முந்தானையில் கையைத் துடைத்தபடி தீர்ப்பு வழங்கினார்: “நல்லாத்தான் போச்சு. முடிவுதான் சரியில்ல. அந்தத் தீதியை இன்னும் கொஞ்சம் கெட்டவளா காட்டியிருக்கலாம்” (அத்தை, புறத்தேர்வாளர் அறிக்கை, அடுப்படி, குக்கர் மூன்றாம் விசில்).